அம்பத்தூரிலிருந்து சென்னைக்கு: இரண்டு பகல், ஓர் இரவு

(நம் குடியிருப்பின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது. இதழுக்காகச் சில விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னிடம் கேட்டது வேறு. "சனி, ஞாயிறில் ஒரு பெரிய நகரத்துக்குப் போய்வர எப்படித் திட்டம் போடுவது என்று பேசுங்கள் சார். பெங்களூர், ஹைதராபாத் மாதிரி. பேங்க்கில் இருந்தவர், கணக்கோடு சொல்வீர்கள்" என்றார். நானும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். பெங்களூர் என்று தலைப்புப் போட்டேன். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள் இருந்தது. சனிக்கிழமை காலை போகிற வண்டியும் ஞாயிறு மாலை திரும்புகிற வண்டியும் எல்லோருக்கும் வேண்டிய வண்டிகள். போக டிக்கெட் கிடைத்தால் வர வெயிட்டிங் லிஸ்ட். அங்கே இறங்கியபின் அந்த ஊர் டிராஃபிக்கில் அரை நாள். கூட்டிக் கழித்தால் இரண்டு நாளில் கையில் நிற்பது ஒரு பகல்.

எட்டிப் பார்த்த என் மனைவி ஒன்று சொன்னார். "முதல்ல எனக்கு மெட்ராஸைக் காட்டுங்க. அப்புறம் பெங்களூர் பார்த்துக்கலாம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

1986-ல் கல்யாணமாகி, கும்பகோணத்திலிருந்து அம்பத்தூர் வந்தவர். நான் பாரிமுனைக் கிளையில் இரண்டு தவணையாக 21 வருஷம் வேலை பார்த்தவன். தினமும் போய் வந்த ஊரை வீட்டில் இருந்தவருக்குக் காட்டவில்லை என்பது எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. அவர் சென்னைக்குள் போனதே இல்லையா என்றால், நிறையப் போயிருக்கிறார். தி.நகருக்குக் கல்யாணப் புடவை எடுக்க. பையனின் கவுன்சலிங்குக்கு. கடந்த நாலைந்து வருஷமாகக் கண், பல், முழங்கால். கடைசியாகப் போன ஆறு தடவையும் டாக்டரைப் பார்க்கத்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நாம் பட்டணத்துக்குப் போவது ஒரு வேலையாக. வேலை முடிந்ததும், "கூட்டத்துக்கு முன்னாடி கிளம்பிடணும்" என்று ஐந்து மணிக்கே கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். சென்ட்ரலுக்கு ஓடுவோம். அதனால் சாயங்காலம் ஏழு மணியிலிருந்து காலை ஏழு மணிவரை சென்னை எப்படி இருக்கும் என்று அம்பத்தூர், ஆவடிக்காரர்களில் பலருக்குத் தெரியாது. சென்னையில் உருப்படியான நேரமே அந்த இரண்டு முனைகளில்தான் இருக்கிறது; நடுவில் இருப்பது வெயில். ஆகவே நான் இன்று சொல்லப்போகும் திட்டத்தின் சாரம் ஒன்றே ஒன்று: ஓர் இரவு அங்கேயே தங்குங்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது, "பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு யாராவது ரூம் போடுவார்களா?" என்பதுதான். நானும் அப்படி நினைத்ததால்தான் முதல் தடவை கோட்டை விட்டேன். அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

சனி, ஞாயிறு கூட்டமாக இருக்கும், நமக்கென்ன ஆபீஸா, வெள்ளிக்கிழமை போவோம் என்று புத்திசாலித்தனமாக முடிவெடுத்தேன். காலையில் போய் ராத்திரி திரும்புகிற மாதிரி ஒரு அட்டவணை. மணி போட்டு, இடம் போட்டு, ஒன்பது இடங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் நின்றால் கேட் மூடியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சரி, கோட்டைக்குப் போவோம் என்றேன். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. 21 வருஷம் கோட்டையைத் தாண்டிப் போய் வந்த எனக்கு அது தெரியாது. வெயில் ஏறிவிட்டது. மயிலாப்பூர் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. கபாலீசுவரர் கோயில் நடை சாத்தி, இனி நாலு மணிக்கு. அட்டவணையில் மூன்று மணிக்கு நாங்கள் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் இருக்கவேண்டும். நடந்தது என்னவென்றால், தெப்பக்குளத்துப் படியில் என் மனைவி உட்கார்ந்துவிட்டார். "நீங்க பார்த்துட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது. அஞ்சு மணி லோக்கலில் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரண்டு மாதம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

முழங்கால் நாளுக்கு நாள் தேய்கிறதே தவிர வளர்வதில்லை. இப்போது இருபது நிமிஷம் நடக்கிறார். அடுத்த வருஷம் பத்தாகலாம். அதனால் ஜனவரி கடைசியில், இந்தத் தடவை அட்டவணை இல்லாமல், ரூம் போட்டுப் போவது என்று முடிவு செய்தோம்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். நவம்பரில் மழை, ஏப்ரலுக்குப் பிறகு வெயில். டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரைதான் நம் வயசுக்கு ஏற்ற காலம். மார்கழியில் போனால் சபாக்களில் கச்சேரி. பல இடங்களில் பகல் நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. பாட்டில் விருப்பம் இல்லாதவர்களுக்கு கேன்டீன் இருக்கிறது. எத்தனை பேர் மாலைக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது செருப்பைத் தேடி எழுந்து வந்திருக்கிறீர்கள், ஆவடி வண்டிக்காக? கையைத் தூக்க வேண்டாம்.

ரூம் எங்கே எடுப்பது? எழும்பூரில் ரயில் நிலையத்துக்கு எதிரே லாட்ஜ்கள் ஏராளம், வாடகையும் குறைவு. ஆனால் காலையில் கண் விழித்தால் எழும்பூர்தான் இருக்கும். நான் திருவல்லிக்கேணியைச் சொல்வேன். கடற்கரைக்கு நடக்கலாம், பார்த்தசாரதி கோயிலுக்கு நடக்கலாம், பறக்கும் ரயில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். 1948-லிருந்து இருக்கும் ரத்னா கபேயில் இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டுத் தருவார்கள். அதற்காகவே ஒரு இரவு தங்கலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். ஒரு எச்சரிக்கை: சேப்பாக்கத்தில் கிரிக்கெட் மேட்ச் இருக்கும் நாளில் போகாதீர்கள். ரூமும் கிடைக்காது, ரோடும் கிடைக்காது. பதிவு செய்யும்போது லிஃப்ட் உண்டா, வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, செக்-இன் எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் போனில் கேட்டுவிடுங்கள். நான் மூன்றையும் கேட்டேன். நாலாவதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் லாட்ஜில் ஆதார் அட்டையைக் கொடுத்தேன். ரிசப்ஷனில் இருந்த பையன் பார்த்துவிட்டு, "சார், லோக்கல் அட்ரஸுக்கு ரூம் குடுக்கறதில்ல" என்றான். அம்பத்தூர், சென்னை-600053. 2011-ல் நம் நகராட்சியைச் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தபோது வரி ஏறியது, போர்டு மாறியது, மண்டலம் 7 ஆனோம். நாம் நிஜமாகவே சென்னைக்காரர்கள் ஆகிவிட்டோம் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது அந்தப் பையன்தான். அவர்களுக்கு அவர்கள் கவலை, அதைத் தப்புச் சொல்லமாட்டேன். என் மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பையன் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து சாவியைக் கொடுத்தான். ஆவடிக்காரர்கள் 2019-லிருந்து தனி மாநகராட்சி என்பதால் உங்களுக்கு இந்தச் சிக்கல் இருக்காது என்று நினைத்தால், உங்கள் அட்டையிலும் பல பேருக்குச் சென்னை என்றுதான் இருக்கும்.

இனி பார்த்த இடங்கள். எல்லாவற்றையும் சொல்லமாட்டேன், ஏனென்றால் நாங்கள் எல்லாவற்றையும் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு உட்காரும்படியான ஓர் இடம், நடக்கும்படியான ஓர் இடம், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை வீட்டில் டிபன் முடித்து லோக்கலில் கிளம்பி, பத்து மணிவாக்கில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது; நாள் முழுக்கச் சுற்றினாலும் முடியாது. நாங்கள் வெண்கலச் சிலைகள் இருக்கும் கட்டடத்துக்கு நேராகப் போய்விட்டோம். அங்கே ஒரு நடராஜர் இருக்கிறார். திருவாலங்காட்டு நடராஜர். திருவாலங்காடு எங்கே இருக்கிறது? நம் அரக்கோணம் லைனில், திருவள்ளூர் தாண்டி. அரக்கோணம் லோக்கலில் தூங்கிப் போனவர்கள் அந்த ஸ்டேஷனில் கண் விழித்திருப்பீர்கள். அந்த ஊர்ச் சிலையின் புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோடான் சிவ தாண்டவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் பாரிஸில் இருந்துகொண்டு பார்த்ததை, நாம் அம்பத்தூரில் இருந்துகொண்டு பார்க்கவில்லை. என் மனைவி அந்தச் சிலைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றார். கை கூப்பினார். கண்ணாடிக்குள் இருப்பதைக் கும்பிடலாமா என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற காவலாளி அம்மா, "எல்லாரும் கும்பிடுவாங்கம்மா" என்றார்.

ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை ரூமில் தூக்கம். திட்டத்தில் மிக முக்கியமான மூன்று மணி நேரம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். வாடகை கொடுப்பது ராத்திரிக்கு மட்டும் இல்லை, இந்த மத்தியானத்துக்கும் சேர்த்துத்தான். கோயில்களும் அந்த நேரத்தில் மூடித்தான் இருக்கும். முதல் தடவை நாங்கள் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த நேரத்தில் இரண்டாம் தடவை ஃபேனுக்குக் கீழே படுத்திருந்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாலையில் திருவல்லிக்கேணி ஸ்டேஷனிலிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலை. மூன்றாவது நிறுத்தம்தான். ஸ்டேஷன்கள் பெரிது, ஆள் குறைவு; எஸ்கலேட்டர் ஓடுகிறதா என்பது அன்றைய அதிர்ஷ்டம். படி ஏற முடியாதவர்கள் ஆட்டோவோ பஸ்ஸோ பாருங்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்ஸில் இலவசம். 60 வயதான சென்னைவாசிகளுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் பத்து இலவச டோக்கன் உண்டு. நம்மில் பாதிப் பேர் வாங்குவதே இல்லை.

கபாலீசுவரர் கோயிலில் தரிசனம் முடித்து மாட வீதியில் நடந்தோம். கொலு பொம்மைக் கடை, பாத்திரக் கடை, பூக்காரர்கள். ஏழு மணி ஆனதும் என் வாய் தானாகவே, "கிளம்பலாமா, இப்ப விட்டா வண்டியில நிக்கக்கூட இடம் இருக்காது" என்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எந்த வண்டி?" என்றார்.

வண்டி எதுவும் இல்லை. ரூம் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. நான் வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன். ஒரு ஜோடி வெண்கல விளக்கை விலை விசாரிக்க அவர் நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார், வாங்கவில்லை. எனக்கு ஆட்சேபனை இல்லை. ஒன்பதரைக்கு ரூமுக்கு வந்தோம். கல்யாணமான நாளிலிருந்து வீட்டைப் பூட்டிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் ஒரு லாட்ஜில் தங்கியது அதுதான் முதல் தடவை என்று அவர் சொன்னார். திருப்பதி? என்றேன். அங்கே அம்மா இருந்தார் என்றார்.

மறுநாள் ஐந்தேகாலுக்கு எழுந்து, காபி குடித்துவிட்டு மெரினா. இருட்டிலேயே நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிடுகிறார்கள், பயமில்லை. மணலில் நடப்பதுதான் முழங்காலுக்குச் சிரமம். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிர்ப்பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக மரத்தில் பாதை போட்டிருக்கிறார்கள், கடல் பக்கம் வரை போகிறது. நாங்கள் அதற்கு வடக்கே இருந்தோம். என் தோளைப் பிடித்துக்கொண்டு பாதி மணல்வரை வந்தார். சாத்தியிருந்த ஒரு பஜ்ஜிக் கடையில் படுத்திருந்தவர் எழுந்து, கேட்காமலே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை எடுத்துப் போட்டார். நம் பிளாட்டில் சூரியன் 'பி' பிளாக் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டு மணிக்கு வரும். கடலிலிருந்து அது வெளியே வருவதை, சென்னை வந்து 39 வருஷம் கழித்து அவர் அன்றைக்குப் பார்த்தார். நானும்தான். 21 வருஷம் கடற்கரை ஸ்டேஷனில் இறங்கியவன் நான். அந்தப் பெயரில்தான் கடற்கரை உண்டு, எதிரே தெரிவது துறைமுகத்து மதில்.

ஞாயிற்றுக்கிழமை ராஜாஜி சாலையை நீங்கள் பார்க்கவேண்டும். வார நாளில் லாரியும் மூட்டையும் மனிதர்களுமாக இருக்கிற சாலை, காலியாக, அகலமாக, கட்டடங்கள் எல்லாம் முழு உயரத்துக்குத் தெரிகின்றன. நான் உட்கார்ந்திருந்த கிளையின் ஜன்னலை வெளியிலிருந்து காட்டினேன். "இவ்வளவு சின்னதா?" என்றார். பிறகு ஸ்டேட் பேங்க்கின் செங்கல் நிறக் கட்டடம். 1890-களில் பேங்க் ஆஃப் மெட்ராஸுக்காகக் கட்டியது. 1843-ல் தொடங்கிய அந்த பேங்க் 1921-ல் இம்பீரியல் பேங்க்கில் சேர்ந்து, 1955-ல் ஸ்டேட் பேங்க் ஆனது. விடுமுறை நாளில் ஒரு பேங்க்கை வேடிக்கை பார்க்க மனைவியை அழைத்துப்போன ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் பி.காம். படித்த காலத்திலிருந்து என்னை விடாத ஒரு கதை இந்தப் பகுதியில் நடந்தது. 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி மஞ்சள் கடிதாசு கொடுத்தது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில் பணம், ஜமீன் பணம் எல்லாம் போயிற்று. முதலாளி ஜெயிலுக்குப் போனார். நம் பணத்தை நாமே பார்த்துக்கொள்வோம் என்று வக்கீல் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் போன்றவர்கள் முன்நின்று, 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் பேங்க் தொடங்கியது. நாற்பது வருஷம் கழித்து அதே தேதியில் சுதந்திரம். இதையெல்லாம் நடுரோட்டில் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன். "இதை முன்னாடியே சொல்லியிருந்தா, உங்க வேலையைப் பத்தி நான் இவ்வளவு குறைபட்டிருக்க மாட்டேன்" என்றார்.

கோட்டைக்கு ஆட்டோவில் ஐந்து நிமிஷம். தலைமைச் செயலகம் அங்கே இருப்பதால் வாசலில் சோதனை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும். 1680-ல் திறந்த செயின்ட் மேரீஸ் தேவாலயம், ராபர்ட் கிளைவ் 1753-ல் கல்யாணம் செய்துகொண்ட இடம். பக்கத்தில் அருங்காட்சியகம். பூந்தமல்லிக்காரர்களுக்கு ஒரு செய்தி: 1639-ல் இந்தக் கோட்டைக்கு இடம் கொடுத்த தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரின் தம்பி அய்யப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில். கிழக்கிந்தியக் கம்பெனியோடு பேச்சு நடத்தியதில் அவருக்குப் பங்கு உண்டு. சென்னைக்கு ஜாதகம் எழுதியதே நம் பக்கத்து ஆள்தான். இப்போது பூந்தமல்லியிலிருந்து கலங்கரை விளக்கம்வரை மெட்ரோ, 26 கிலோமீட்டர். அது முழுவதும் ஓடும்போது அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொன்ன திட்டமே எளிதாகிவிடும்.

திரும்பும்போது சென்ட்ரல் போகாமல் கடற்கரை ஸ்டேஷனில் ஏறினோம். அங்கிருந்து நம் பக்கம் வரும் சில வண்டிகள் ராயபுரம் வழியாக வரும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது; நம் அம்பத்தூர் வழியாகப் போகிற இதே தடம். தூண்கள் வைத்த அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்னும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காக வண்டிகளை ரத்து செய்வது வழக்கம், முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஜன்னல் சீட் கிடைத்தது.

கணக்குக் கேட்டீர்கள். இரண்டு பேருக்கு ரூம் வாடகை 2,300. சாப்பாடு, காபி 1,260. ஆட்டோ 640. ரயில், பஸ், நுழைவுச் சீட்டு எல்லாம் சேர்த்து 160. மொத்தம் 4,360 ரூபாய். வெண்கல விளக்கு சேரவில்லை. அதைப் போன மாதம் மறுபடி போய் வாங்கிவந்தார், பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு, நான் இல்லாமல்.

திருவல்லிக்கேணியில் நான் விசாரித்த லாட்ஜ்களின் போன் நம்பர்களைத் தாளில் எழுதிச் செக்யூரிட்டி மேஜையில் வைத்திருக்கிறேன். போன் செய்யும்போது லிஃப்டைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், அம்பத்தூரிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.